4 ஏக்கர் 20 சென்ட் மனையாகப் போகுது. குறுக்க ஓடுற ஓடையை என்ன செய்ய?

செவக்காட்டுக்காரி
18 ஆகஸ்ட் 2024

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா வாசிச்சுட்டுப் பதில் சொல்லுங்க.

திருநெல்வேலிக்குப் பக்கம் ரெட்டியார்பட்டி தாண்டி ஒரு ஊர்ல எங்க அப்பா வழி நிலம் 4 ஏக்கர் 20 சென்ட் கெடக்கு. செவக்காடு. அப்பா இருந்தவரைக்கும் எள்ளு, உளுந்து, நல்ல மழை பேஞ்ச வருஷம் சோளம். அவங்க போனபிறகு 14 வருஷமாத் தரிசு. சீமைக்கருவேலியும் உடை மரமும் அடைஞ்சு கெடக்கு. வரப்போரம் 23 பனை நிக்குது.

அண்ணன், தம்பி ரெண்டு பேரும் வெளியூர். ஒரு புரமோட்டரோட சேர்ந்து மனை போடலாம்னு முடிவாயிட்டு. எனக்கு மூணுல ஒரு பங்கு. அவர் கொண்டுவந்த வரைபடத்துல 74 மனை. தெற்கு ஓரமா ஒரு ஓடை வருது. மழைக்கு மட்டும்தான் தண்ணி, மத்த நாள்ல ஆடு மேயும். கீழ இருக்கிற குளத்துக்குப் போவுது. வரைபடத்துல அந்த ஓடை மேல 30 அடி ரோடு கெடக்கு. கேட்டதுக்கு, "அது பட்டாவுக்குள்ள இருக்கு, புறம்போக்கு கெடையாது, மூடிக்கிடலாம்"ங்காரு. இடம் முழுக்க 3 அடி சரள் மண்ணு அடிச்சு உயர்த்தணுமாம்.

போன டிசம்பர் 17, 18 வெள்ளத்து ராத்திரி நான் பாளையங்கோட்டையில அம்மாகூட இருந்தேன். அந்தத் தண்ணியப் பாத்தபிறகு இந்த வரைபடத்துல கையெழுத்துப் போட மனசு வரல.

விக்காதீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. மூணுல ரெண்டு பங்கு முடிவாயிட்டு. மண்ணுக்கும் தண்ணிக்கும் எவ்வளவு குறைச்சலாக் கெடுதல் வர்ற மாதிரி இதச் செய்யலாம்? புரமோட்டர்கிட்ட எதையெல்லாம் எழுதி வாங்கணும்?

மறுகால்
18 ஆகஸ்ட் 2024

தங்கச்சி, நான் பொதுப்பணித்துறையில 31 வருஷம் கரைக்காவலரா இருந்தவன். லஸ்கர்னு சொன்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பாளையங்கால்வாய், கோடகன் கால், திருநெல்வேலிக் கால் மூணுலயும் மடை தொறந்து அடைச்சிருக்கேன்.

உங்க இடம் ஆத்துப் பாசனம் கெடையாது. மானாவாரிக் குளத்துக்கு மேல இருக்கிற காடு. ஆத்துப் பாசனக் குளத்துக்கு அணைக்கட்டுல இருந்து கால் வரும். மானாவாரிக் குளத்துக்கு உங்க காடும் உங்களுக்கு மேல இருக்கிறவங்க காடும்தான் அணைக்கட்டு. மேல ஒரு குளம் நிறைஞ்சு வழிஞ்சு மறுகால் பாஞ்சா அடுத்த குளத்துக்குப் போவும், அது பாஞ்சா அதுக்கு அடுத்தது. சங்கிலி மாதிரி. இடையில ஒரு கண்ணி அறுந்தா மேல இருக்கிறவனுக்கு வெள்ளம், கீழ இருக்கிறவனுக்கு வறட்சி.

கணக்கு ஒண்ணு சொல்லுதேன், எழுதி வச்சுக்கிடுங்க. 1 சென்டிமீட்டர் மழைக்கு உங்க 4 ஏக்கர் 20 சென்ட்ல மட்டும் விழுற தண்ணி 1,70,000 லிட்டர். 10 சென்டிமீட்டர்னா 17 லட்சம். 12,000 லிட்டர் டேங்கர் லாரி 140 தடவை ஓடினா எவ்வளவோ, அவ்வளவு. இது உங்க இடத்துல விழுறது மட்டும். ஓடை கொண்டு வர்றது மேல இருக்கிற அத்தனை காட்டுத் தண்ணியும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுது. நம்மூர்ல இனி அப்படிப் பெய்யாதுன்னு யாரும் எழுதித் தர முடியாது.

காடாக் கெடக்கையில மண்ணு கொஞ்சம் குடிக்கும், புல்லும் முள்ளும் வேகத்தத் தடுக்கும். கூரையும் ரோடும் வந்துட்டா விழுந்தது விழுந்த நேரத்துலயே ஓடும். அப்போ இப்ப இருக்கிற ஓடையே பத்தாது. அதப்போயி மூடுதேங்காரு.

பட்டா ஓடைன்னு சொல்லுறது உண்மையாக்கூட இருக்கலாம். சின்ன ஓடை பலதும் புறம்போக்குல ஏறல. ஆனா தாலுகா ஆபீஸ்ல புலப்படம் (ஒரு சர்வே நம்பரோட அளவுப்படம்), கிராம வரைபடம், அ-பதிவேடு (எந்த நம்பர் என்ன வகை நிலம்னு எழுதுன பதிவேடு) மூணையும் வாங்கி ஒண்ணுக்கொண்ணு வச்சுப் பாருங்க. உங்க சர்வே நம்பர்ல இல்லாம மேல, கீழ நம்பர்ல ஓடைன்னு இருந்தா, நடுவுல மட்டும் தண்ணி பறந்தா போவும்? அந்த ரெண்டு நம்பரும் உங்க கையில இருக்கிற சாட்சி.

அதுக்கு மேல ஒரு வேலை. ஐப்பசி, கார்த்திகை மழையில குடையப் பிடிச்சுக்கிட்டுக் காட்டுல நில்லுங்க. தண்ணி போற இடமெல்லாம் குச்சி நட்டு வைங்க. மனைக்கல்லு அதுக்குப் பிறகு நடட்டும்.

மீனாட்சிபுரத்தான்
19 ஆகஸ்ட் 2024

அண்ணாச்சி சொன்னதுல சரள் விஷயம் விட்டுப்போச்சு, நான் சொல்லுதேன்.

எங்க வீடு மீனாட்சிபுரம். ஆத்துக்குப் பக்கம். எங்களுக்கு வந்தது ஆத்துத் தண்ணி. 1992 நவம்பர்லயும் வந்துச்சு, 2023லயும் வந்துச்சு. குறுக்குத்துறை முருகன் கோவிலே முங்குதுன்னா எங்க தெரு எம்மாத்திரம். ஆனா எங்க சித்தி வீடு ஆத்துல இருந்து ரொம்பத் தூரம், தெற்கே ஒரு புது நகர். அங்க 2005ல வீடு கட்டுனப்போ பக்கத்துல எல்லாம் பொட்டல். அப்புறம் ஒருத்தர் மனை போட்டாரு, ரோட்டவிட ரெண்டடி சரள் அடிச்சாரு. அவரப் பாத்து அடுத்த நகர்க்காரர் மூணடி. நடுவுல ரோடு புதுசாப் போடும்போதெல்லாம் பழைய தாரச் சுரண்டாம மேலயே போட்டாங்க. இப்போ சித்தி வீட்டு வாசப்படி ரோட்டுக்குக் கீழ. ஆறே இல்லாத இடத்துல மூணு நாள் இடுப்பளவு தண்ணி. ஃப்ரிட்ஜ் மிதந்துச்சு. சித்தப்பாவக் கட்டிலோட மாடிக்குத் தூக்குனோம்.

மனையை உயர்த்துனா தண்ணி ஒழிஞ்சு போகாது. பக்கத்து வீட்டுக்குள்ள போவும். நீங்க 4 ஏக்கர்ல 3 அடி உயர்த்துனா, அதுவரைக்கும் அங்க தேங்கிக் கெடந்த தண்ணி எந்த ஊருக்குள்ள போகும்னு அந்த புரமோட்டர்கிட்ட கேளுங்க.

சரளும் சும்மா வர்றதில்ல. எங்கயோ ஒரு பொத்தைய, சின்ன மலையத் தோண்டித்தான் வருது.

உயரம் வேணும்னா பேஸ்மட்டத்தை உயர்த்துங்க. வீடு உயரட்டும், நிலம் இருந்த மட்டத்துலயே கெடக்கட்டும்.

பிசானம்
19 ஆகஸ்ட் 2024

கோபப்படாதீங்க அக்கா. நான் மேலப்பாளையத்துக்காரன், பாளையங்கால்வாய்ப் பாசனத்துல எங்களுக்கும் நஞ்சை இருந்துச்சு. இப்போ இல்ல. அதனால சொல்லுதேன்.

புது நகர் போடுறதுல கெடுதலக் குறைக்க முதல் வழி, போடாம இருக்கிறதுதான். பெருமாள்புரம், மகாராஜநகர், கே.டி.சி. நகர், என்.ஜி.ஓ. காலனின்னு சுத்தி வந்து பாருங்க. ரோடு இருக்கு, கரண்ட் இருக்கு, குடிதண்ணிக் குழாய் இருக்கு. கல்லு நட்டுப் பத்துப் பதினஞ்சு வருஷமா முள்ளு மொளச்சுக் கெடக்கிற மனை எத்தனை! வீடு கட்ட வாங்குனது கெடையாது, விலை ஏறட்டும்னு வாங்கிப் போட்டது. அதுல கட்டாம இன்னும் 8 கிலோமீட்டர் தள்ளிக் காட்ட அழிச்சா, அங்க போயிக் குடியிருக்கிறவன் பாலு வாங்கக்கூட பைக்க எடுக்கணும். பள்ளிக்கூட வேன் ஒண்ணு, ஆபீசுக்கு வண்டி ஒண்ணு. குடியிருக்கிற அத்தனை வருஷமும் அந்தப் புகை இருக்கு. ஓடைய மூடாம விட்டாலும் அது போவாது.

புது பஸ் ஸ்டாண்ட் இருக்கிறதே வேய்ந்தான்குளத்துப் பரப்புல. அதப் பாத்தும் நாம படிக்கலியே.

செவக்காட்டுக்காரி
19 ஆகஸ்ட் 2024

தம்பி, கோபம் இல்ல. நீங்க சொல்லுறது சரின்னு எனக்கும் தெரியும். நான் ஒருத்தி மாட்டேன்னு நின்னா அண்ணன் பாகப்பிரிவினை போட்டு அவர் பங்க மட்டும் விப்பாரு. ஓடை இருக்கிறது அவர் பக்கம். நான் உள்ள இருந்தாத்தான் அந்த ஓடையப் பத்திப் பேச எனக்கு வாய் இருக்கும்.

வரைபலகை
20 ஆகஸ்ட் 2024

நான் கட்டட வரைபடமும் மனைப்பிரிவு வரைபடமும் போடுகிறவள். உங்கள் கையில் இருக்கும் பிடி என்னவென்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அனுமதி. 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு, அங்கீகாரம் இல்லாத மனையைப் பத்திரம் பதிய முடியாமல் போனது. ஆகவே உங்கள் புரமோட்டருக்கு நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் கட்டாயம் வேண்டும். நிலத்தின் உரிமையாளராக நீங்களும் கையெழுத்திட்டால்தான் விண்ணப்பமே நகரும். உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும் நேரம் அதுதான். ஒப்புதல் வந்த பிறகு ஓடையைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இரண்டாவது, பொதுத் திறந்தவெளி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் ரோடு போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் தானமாக ஒப்படைத்தே ஆக வேண்டும், பணம் கட்டித் தப்ப முடியாது. உங்களுடையது ஏறத்தாழ 17,000 சதுர மீட்டர். ரோட்டுக்கு ஒரு ஏக்கர் போனால் 32 சென்ட் பூங்காவுக்கு வரும். வழக்கத்தில் இதை எங்கே வைப்பார்கள்? மனையாக விற்காத கோணல் மூலையில். உங்கள் இடத்தில் அதை ஓடையின் கரையோரம் நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஓடை தனி, பூங்கா தனி. ஓடையின் பரப்பைப் பூங்காக் கணக்கில் காட்ட விடாதீர்கள். ஆண்டில் நாலைந்து நாள் ஓடை கரை தாண்டினால் பூங்காவில் தண்ணீர் ஏறி நிற்கும், வடிந்து போகும். வீட்டுக்குள் ஏறாது. ஊஞ்சல் நனைந்தால் காய்ந்துவிடும்.

மூன்றாவது, ரோடு ஓடையைக் கடக்கும் இடம். இரண்டடிக் குழாயைப் பதித்து மேலே மண்ணைத் தள்ளுவது மலிவு. முதல் மழையிலேயே சீமைக்கருவேல முள்ளும் பாலித்தீனும் சேர்ந்து அதன் வாயை அடைத்துவிடும். அடைத்தால் ரோடே அணை. ஓடையின் முழு அகலத்துக்கும் வாய் திறந்த சின்னப் பாலமாகக் கேளுங்கள். ஒன்றே ஒன்று போதும். ரோட்டை அப்படித் திருப்பி வரையலாம்.

ரோடு இயற்கையான மட்டத்திலேயே, ஒரு பக்கம் வாட்டம் கொடுத்து, அந்தப் பக்கம் புல் முளைத்த மண் வாய்க்கால். காங்கிரீட் வாய்க்கால் தண்ணீரைச் சீக்கிரம் கடத்தும், மண் வாய்க்கால் கொஞ்சம் குடித்துவிட்டுக் கடத்தும். பராமரிப்பு வேண்டும்தான். காங்கிரீட் வாய்க்காலிலும் அடைப்பு எடுக்க ஆள் வேண்டுமே.

சொன்னதெல்லாம் ஒப்புதல் வரைபடத்திலும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும் ஆவணத்திலும் ஏற வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால் மனை விற்கிற அன்றே மறந்து போகும்.

கொத்தனார் மகன்
21 ஆகஸ்ட் 2024

அக்கா, மனை போட்டதோட முடியாது, அது மேல 74 வீடு எழும்பும். நான் மூணாவது தலைமுறையா இந்த வேலையில இருக்கேன். வீட்டப் பத்தி நான் சொல்லுதேன்.

செங்கல் சேம்பர் சூளையில சுட்டது வருது. அந்த மண்ணு குளத்துக் கரம்பையோ வயக்காட்டு மேல்மண்ணோ. தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல்ல செய்யுற பறக்கும்சாம்பல் கல்லு பக்கத்துலயே கெடைக்குது. அதுக்குச் சூளை வேண்டாம், விறகு வேண்டாம். பூச்சு வெடிக்கும்னு நிறையப் பேர் பயப்படுறாங்க. கல்லு நல்லா ஆறினதா இருக்கணும், கட்டுறதுக்கு முன்னாடி லேசா நனைச்சாப் போதும், பூசினபிறகு ஒழுங்காத் தண்ணி காட்டணும். அவசரப்பட்டுப் பச்சைக் கல்ல இறக்குனா வெடிக்கத்தான் செய்யும்.

சேம்பர் கல்லுதான் வேணும்னு நின்னா, கல்லக் குறைக்க வழி இருக்கு. கல்லப் படுக்க வைக்காம நிமித்தி வச்சு, உள்ள பொந்து விட்டுக் கட்டுறது. எலிப்பொறிக் கட்டுன்னு சொல்லுவோம். திருவனந்தபுரத்துல லாரி பேக்கர்ங்கிற கட்டடக்கலைஞர் நிறையக் கட்டுனாரே, அந்த முறை. கல்லுல கால்வாசி மிச்சம், கலவையும் குறையும். உள்ள காத்து நிக்குறதால மேற்குச் சுவர் அவ்வளவு கொதிக்காது. எங்க அப்பா ரெண்டு வீடு கட்டியிருக்காரு. கை பழகின கொத்தனார் வேணும், அது ஒண்ணுதான்.

சிமெண்டு நம்மூருக்குப் புதுசு இல்ல, தாழையூத்துல 1949லயே ஆலை வந்தாச்சு. சுண்ணாம்புக்கல்ல சுடும்போது கல்லுக்குள்ள இருந்தே கரியமில வாயு வெளிய வரும். அடுப்புப் புகை வேற. ஒரு டன் சிமெண்டுக்கு 600 கிலோவுக்குக் குறையாது. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு வாங்குனா அந்த அளவுக்குச் சுடுறது குறையும். பூச்சுக்கும் கட்டுக்கும் அது தாராளமாப் போதும். அதவிடப் பெரிய மிச்சம், தேவையில்லாத காங்கிரீட்டக் குறைக்கிறது. ஒத்த மாடி வீட்டுக்கு நாலு மாடிக்கான காங்கிரீட் தூண் போடுறவங்களப் பாக்கேன். நாளைக்கு மேல எடுக்கலாம்னு. அந்த நாளை வர்றதே இல்ல.

மணலும் சல்லியும் எழுதவே கஷ்டமா இருக்கு. 2010ல கோர்ட் தாமிரபரணியில மணல் அள்ளத் தடை போட்டுச்சு. அப்புறம் எல்லாம் மலையப் பாத்துத் திரும்பிட்டு. 2022 மே 14 ராத்திரி அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில பாறை சரிஞ்சு நாலு பேர் செத்தாங்க. பாறைய உடைச்சுச் செய்யுற எம்-சாண்ட் மணல் நாம போடுற ஒவ்வொரு யூனிட்டும் அப்படி ஒரு குழிக்குள்ள இருந்துதான் வருது. சுவர் கனத்தக் குறைச்சா, தேவைக்கு மேல ரூம் போடாம இருந்தா, அந்தக் குழி ஒரு அடியாவது ஆழம் குறையும்.

வாடகைவீடு
21 ஆகஸ்ட் 2024

எல்லாரும் நல்லாச் சொல்லுறீங்க. நான் 19 வருஷமா டவுன்ல வாடகை வீடு. எங்களுக்கு ஒரு நாலு சென்ட் வாங்கணும்னா இப்பவே முடியல. ஓடைக்கு இடம் விடு, பாலம் போடு, அதக் கட்டு இதக் கட்டுன்னா ஒரு சென்ட் விலை எங்க போயி நிக்கும்? சுற்றுச்சூழல் எல்லாம் வீடு இருக்கிறவங்க பேச்சுன்னு என் வீட்டுக்காரர் சொல்லுவாரு. எனக்கு அப்படித் தோணல, ஆனா பதிலும் தெரியல.

வரைபலகை
22 ஆகஸ்ட் 2024

அக்கா, உங்கள் கேள்விக்கு இந்த ஊரிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. டவுனில் வளவு பார்த்திருப்பீர்களே. ஒரு வாசல், உள்ளே ஆறேழு வீடு, பக்கச்சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, நடுவில் முற்றம், ஒரு கிணறு. நாலு சென்டில் ஒரு வீட்டைக் கட்டி நாலு பக்கமும் இடம் விட்டுக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினால், அந்தச் சந்து இடம் எதற்கும் ஆகாது. சிமெண்டு பூசிவிடுவார்கள், மழை குடிக்காது. நாலு வீட்டை ஒட்டிக் கட்டினால் சுவர் மிச்சம், வெயில் படும் பரப்பு குறைவு. வீட்டுக்கு நாலு சென்டுக்குப் பதிலாக இரண்டரை சென்டே போதும். சேர்ந்து கிடைக்கும் முற்றத்தில் ஒரு வேம்பு நிற்கும். ஓடைக்கு விட்ட இடத்தால் ஏறும் விலையை இதில் இறக்கலாம். தனித் தனி மனையாக விற்காமல் ஒரு பகுதியையாவது வரிசை வீடாகக் கட்டித் திட்ட அனுமதி வாங்க வேண்டும். பெரும்பாலான புரமோட்டர்கள் மறுப்பார்கள், கல் நட்டு விற்பதுதான் அவர்களுக்குச் சுலபம்.

வாடகைவீடு
22 ஆகஸ்ட் 2024

நான் பொறந்ததே வளவு வீட்டுலதான். முன்னால தார்சா, அப்புறம் பட்டாசல், அடுக்களை, பின்னால பாத்திரம் கழுவுற அங்கணம். அங்கணத் தண்ணி போயி விழுற இடத்துல வாழை. ஒரு நாளும் வாழைக்குன்னு தனியாத் தண்ணி ஊத்துனது இல்ல. சித்திரை வெயில்ல தார்சாவுல பாய் விரிச்சாத் தூக்கம் வரும். சண்டையும் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். இரண்டரை சென்ட்ல அப்படி ஒண்ணு வந்தா எனக்குச் சொல்லுங்க.

வலசை
23 ஆகஸ்ட் 2024

அந்த 23 பனை. தமிழ்நாட்டுல இப்போ பனைய வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும், 2021லயே அரசு அறிவிச்சாச்சு. ராத்திரியோட ராத்திரியா ஜே.சி.பி. வச்சுத் தள்ளிடுவாங்க. முதல்லயே ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்து, நம்பர் போட்டு, வரைபடத்துல புள்ளி வைக்கச் சொல்லுங்க. பனை வரப்புல நிக்கிறதால ரோட்டோரத்துக்கோ மனை எல்லைக்கோ கொண்டுவரது கஷ்டம் இல்ல.

கீழ இருக்கிற குளத்துக்கும் ஒரு வார்த்தை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வர்ற கூழைக்கடாவும் நாரையும் அந்த ஒரு குளத்துலயே இரை எடுக்கிறதில்ல. சுத்துவட்டாரத்துல தண்ணி நிக்கிற சின்னக் குளமெல்லாம் அதுகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு. கூந்தன்குளம் 2022ல ராம்சார்ங்கிற உலக நீர்நிலைப் பட்டியல்ல ஏறினப்போ எல்லாரும் சந்தோஷப்பட்டோம். உங்க ஓடை போற குளம் எந்தப் பட்டியல்லயும் கெடையாது. அங்க சாக்கடை போயிச் சேந்தா யாரும் கேக்க மாட்டாங்க. அதனால சாக்கடைய இப்பவே பேசுங்க.

கொத்தனார் மகன்
23 ஆகஸ்ட் 2024

சாக்கடை பத்தி யாராவது ஆரம்பிக்கட்டும்னுதான் இருந்தேன். பாதாளச் சாக்கடை அங்க வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அதுவரைக்கும் செப்டிக் டேங்க். செப்டிக் டேங்குன்னு பேரு, நாலு சிமெண்டு உறைய இறக்கி அடியில மண்ணாவே விட்டுருவாங்க. நிறையவே நிறையாதுன்னு பெருமையாச் சொல்லுவாங்க. நிறையலன்னா அது எங்க போச்சு?

போர்க்குழிக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவுல 50 அடியாவது இருக்கணும்னு எங்க அப்பா நிப்பாரு. நாலு சென்ட் மனைன்னா 40க்கு 43 அடி. அதுல 50 அடிக்கு எங்க போறது? உங்க வீட்டு போர் தள்ளி இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் டேங்க் உங்க போருக்குப் பக்கத்துல வந்து நிக்கும். 74 மனையில 74 போர், 74 உறைக்குழி. பத்து வருஷத்துல எல்லாரும் கேன் தண்ணி வாங்குவாங்க.

பொதுவா ஒரு போர், ஒரு மேல்நிலைத் தொட்டி. வீட்டு டேங்க் மூணு அறையா, அடியும் பக்கமும் பூசினதா இருக்கணும். வெளிய வர்ற தண்ணிய ஒரு குழாயில எல்லா வீட்டுக்கும் சேத்துப் பள்ளத்துக்குக் கொண்டுவந்து, சல்லி பரப்பி, கல்வாழையும் நாணலும் வச்ச படுகையில விட்டா ஓரளவு தெளிஞ்சிரும். அத ஓடையில விடாம பூங்கா மரத்துக்கு விடுங்க. குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணிய டேங்குக்கே விட வேண்டாம். வாடகைவீடு அக்கா சொன்ன வாழை போதும்.

மறுகால்
23 ஆகஸ்ட் 2024

தம்பி நல்லாச் சொன்னீங்க. மழைத்தண்ணிக்கு நான் ஒண்ணு சேக்கேன். 2003ல இருந்து மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம். கட்டாயம்னு ஆனதால வாசல் மூலையில ரெண்டடிக் குழி தோண்டி, சல்லியப் போட்டு, அளக்க வர்றவங்ககிட்ட காட்டிட்டு மூடிடுதாங்க. ரெட்டியார்பட்டிப் பக்கம் பல இடத்துல நாலஞ்சு அடிக்குக் கீழ சுக்கான்கல்லு, அதுக்குக் கீழ பாறை. அந்த மாதிரி இடத்துல சின்னக் குழி குடிக்காது. ஆயிரம் சதுர அடிக் கூரையில 1 சென்டிமீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல இறங்கும். மண்ணுக்குள்ள இறக்க முடியலன்னா முதல்ல தொட்டியில பிடிங்க. 10,000 லிட்டர்த் தொட்டி வீட்டுக்கடியில இருந்தா, அது நிறைஞ்சபிறகுதான் தெருவுக்கு வரும். 70 வீட்டுல தொட்டி இருந்தா 7 லட்சம் லிட்டர் தெருவுக்கு வராது. மேல நான் சொன்ன 17 லட்சத்த நினைச்சுப் பாருங்க.

நிறைஞ்சு வழியுறது மண் வாய்க்கால் வழியா ஓடைக்கு, ஓடை வழியா குளத்துக்கு. குளத்துக்குப் போற தண்ணியக் குறைச்சிட்டோம்னு கீழ்க்காட்டுக்காரன் சொல்லிடக் கூடாது, அதுவும் பாக்கணும். மழை வலுத்தா அவனுக்குப் போதுமானது போகும். முதல் கோடைமழை மட்டும் நமக்கு நிக்கும்.

செவக்காட்டுக்காரி
15 டிசம்பர் 2024

நாலு மாசம் கழிச்சு வாரேன். எல்லாருக்கும் நன்றி சொல்லணும், அதுக்கு முன்ன நடந்ததச் சொல்லுதேன்.

மூணு ஆவணமும் வாங்கினேன். அண்ணாச்சி சொன்னபடியே எங்களுக்கு மேல இருக்கிற நம்பர்லயும் கீழ இருக்கிற நம்பர்லயும் ஓடைப் புறம்போக்குன்னு இருக்கு. எங்க நம்பர்ல மட்டும் இல்ல. அந்த ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தம்பிகிட்ட வீடியோ கால்ல காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசல. "சின்ன வயசுல இதுலதான மீன் பிடிச்சோம்"னான்.

நேத்து முந்தின நாள், 13ஆம் தேதி மழையில காட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தாங்க. முழங்கால் சேத்துல குச்சி நட்டேன். ஓடை நடுவுல 14 அடி, கீழ எல்லையில 22 அடி அகலத்துக்குப் போச்சு. புரமோட்டர் வரைபடத்துல அந்த இடத்துல பாதி அகலம்கூடக் காட்டல. இன்னொண்ணு, எங்க யாருக்கும் தெரியாதது. வடமேற்கு மூலையில இருந்து ஒரு தண்ணி குறுக்க வந்து ஓடையில சேருது. அப்பா காலத்துல அந்தப் பக்கம் தண்ணி வந்து நான் பாத்ததில்ல.

இதுவரைக்கும் ஒத்துக்கிட்டது: ஓடை இருக்கிற அகலத்துலயே இருக்கும், அதுக்குக் கரையோரம் பூங்கா. ஒரே ஒரு பாலம், வாய் திறந்தது. ரோட்டு அடித்தளம் தவிர வேற எங்கயும் சரள் கிடையாது. பொது போர். 23 பனையில 17 நிக்கும். மீதி ஆறுக்கு நான் இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கேன்.

மனை 74ல இருந்து 68 ஆயிட்டு. அந்த ஆறு மனைக்கு அண்ணன் ரொம்பக் கோவப்பட்டாரு. மூணு மனையோட நஷ்டத்த என் பங்குல கழிச்சுக்கிடுங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் கையெழுத்துக்கு வந்தாரு. எனக்கு வருத்தம் இல்ல. பணம் வேணும்தான், மகளுக்குக் காலேஜ் இருக்கு, இருந்தாலும் வருத்தம் இல்ல.

ஒத்துக்காதது: பொதுச் சாக்கடைப் படுகை. "வீட்டுக்காரங்க பாத்துக்கிடுவாங்க"ங்கிறதுதான் பதில். வரிசை வீடும் முடியாதுன்னுட்டாரு. வாடகைவீடு அக்கா, மன்னிச்சுக்கிடுங்க. தெக்குப் பக்கம் எட்டு மனைய மட்டும் நாங்களே கட்டி வித்தா என்னன்னு தம்பி கேட்டிருக்கான். அத வரைபலகை மேடம்கிட்ட தனியாப் பேசணும்.

அண்ணாச்சி, அந்த வடமேற்குத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு மட்டும் எனக்குப் பிடிபடல.

மறுகால்
15 டிசம்பர் 2024

உங்களுக்கு மேற்க போன வருஷம் யாராவது மனை போட்டாங்களா? காம்பவுண்டு எழுப்பினாங்களா?

செவக்காட்டுக்காரி
15 டிசம்பர் 2024

ஆமா அண்ணாச்சி. நீளமா ஒரு சுவர். ரோட்டுல இருந்து கடைசி வரைக்கும்.

மறுகால்
15 டிசம்பர் 2024

அப்போ அதுதான். அவங்க பக்கம் வடக்க போன தண்ணியச் சுவர் தடுத்து உங்க மூலைக்குத் திருப்பியிருக்கு. இப்போ அத உங்க ஓடை தாங்குது. 68 வீட்டுத் தண்ணியும் சேந்தாத் தாங்குமான்னு மட்டம் பாக்காமச் சொல்ல முடியாது. பால அகலத்த அதுக்கு முன்ன முடிவு பண்ணிராதீங்க. வரைபலகை பாப்பாவையும் வரச் சொல்லுங்க.

மட்டம் பாக்கிற டியூப் லெவல் என்கிட்ட இருக்கு. செவ்வாய்க்கிழமை காலைல 7 மணிக்கு ரெட்டியார்பட்டி விலக்குல நிப்பேன். தண்ணி வடிஞ்ச தடம் அழியுறதுக்குள்ள பாத்திரணும். நட்ட குச்சியப் பிடுங்கிராதீங்க, கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி மட்டும் எடுத்துட்டு வாங்க.